ஒரு பெட்டிக்குள் அடங்காத சீர்

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை முடிவு வந்ததும் என் வீட்டுக்குத் தாய்மார்கள் சிலர் வருவார்கள். நான் பெண்கள் பள்ளியில் வெகுகாலம் டீச்சராக இருந்தவள். அவர்களுடைய பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, காதைத் திருகி, மேல்படிப்புக்குத் துரத்திவிட்டவள். "டீச்சருங்க, புள்ளையை ஆஸ்டல்ல சேக்கறமுங்க. என்னென்ன குடுத்து அனுப்போணும்?" என்று கேட்பார்கள். நானும் அலுக்காமல் சொல்வேன். பெட்டி, படுக்கை, பூட்டு, அதற்கு இன்னொரு சாவி, ஊசி நூல், சீப்பு. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். நான் காலேஜ் விடுதிக்குப் போனபோது எனக்கு மூட்டை கட்டிய மனிதர் என் மாமன் கருப்பண்ணன். அவர் கட்டிய மூட்டையை இந்தத் தாய்மார்களிடம் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

என் தாயார் சாலம்மாளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். புதுச்சத்திரத்தில் ரோட்டைவிட்டு இறங்கி மேற்கே வண்டித்தடத்தில் போனால் அவருடைய காடு வரும். கடலைக்காயும் கம்பும் போடுவார். கிணற்றோரம் கொஞ்சம் மிளகாய். எழுத்து வாசனை கிடையாது. நல்ல உயரம். பக்கத்துக் காட்டில் இருப்பவனிடம் பேசுவதுபோலத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடமும் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அந்தக் குரல் நின்றுவிடும். அவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் பயப்பட மாட்டோம். வாயை மூடிக்கொண்டால்தான் எல்லோருக்கும் பயம்.

வெறுங்கையை வீசிக்கொண்டு ஒரு வாசலை மிதிக்க அவருக்குத் தெரியாது. பட்டா விஷயமாக ஒருமுறை ஆபீசுக்குப் போனவர், தோளில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு போனார். அங்கிருந்த அதிகாரி அதை லஞ்சம் என்று நினைத்துச் சத்தம் போட்டார். மாமனுக்கு அது விளங்கவே இல்லை. பெரிய மனிதர் இருக்கிற இடத்துக்கு எப்படிச் சும்மா வருவது என்று அவரையே திருப்பிக் கேட்டாராம். பட்டா கிடைக்க வெகுநாளாயிற்று. பூசணிக்காய் திரும்பி வரவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆபீசுக்கே அப்படி என்றால் தங்கை வீட்டுக்குக் கேட்க வேண்டுமா? எனக்குக் காது குத்தியபோதும், நான் பெரியவளானபோதும் அவருடைய வண்டி சீரோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் சீர் என்பது பொருள் மட்டும் அல்ல. இவள் பிறந்த வீடு இன்னும் பூட்டிக் கிடக்கவில்லை என்று நாலு பேர் பார்க்கச் சொல்வது அது. அந்த விஷயத்தில் மாமனுக்கு ரோஷம் அதிகம். பங்காளி ஒருவன் தாம்பாளத்தை ஒற்றைக் கையால் வாங்கினான் என்பதற்காக, அவன் பேரன் எடுக்கும்வரை அவனோடு பேசாமல் இருந்தவர்.

என் அப்பா பச்சமுத்து சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குகைப் பக்கம், தறிச் சத்தத்துக்கு நடுவில் எங்கள் ஓட்டு வீடு. எனக்கு ஆராயி என்று ஊர் அம்மன் பேரை வைக்கச் சொன்னவர் மாமன். அப்பா அதற்குச் சம்மதித்த காரணம் வேறு. ஆராய் என்று பேரிலேயே இருக்கும்போது இவள் படிக்காமல் எங்கே போவாள் என்பார். சாமி பேருக்கு அவர் சொன்ன இந்தப் பொருளைக் கேட்டு மாமன் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாம் வருஷம் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். மதராஸில் ஒரு பெண்கள் காலேஜில் இடம் கிடைத்தது. காலேஜ் விடுதியிலிருந்து ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம் ஒன்று வந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். அதற்கு மேல் இடமில்லை. வெள்ளைச் சேலைகள் வேண்டும். தட்டு, டம்ளர், செம்பு கொண்டுவர வேண்டும். கொசுவலை அவசியம். நகைநட்டு கூடாது. அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டப் புத்தகம்போல வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டிவைத்தார். நான் சின்னதாக இன்னொரு பை கேட்டதற்கு, "பெட்டி ஒண்ணுன்னு போட்டிருக்குது" என்பதையே பதிலாகச் சொன்னார்.

கொசுவலை எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை. எதிர்வீட்டுத் தெய்வநாயகியின் வீட்டுக்காரர் தறியில் பேர்போனவர். அப்பா அவரிடம் விஷயத்தைச் சொல்லி, கொசு புகாத துணி வேண்டும் என்றார். அந்த மனிதர் அதைத் தம் தொழிலுக்கு வந்த சவாலாக எடுத்துக்கொண்டு இழை நெருக்கி நெய்து கொடுத்தார். அதற்குள் கொசு புகாது, உண்மைதான். காற்றும் புகாது, வெளிச்சமும் புகாது. அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நல்ல கெட்டிப் போர்வை என்று மெச்சிப் படுக்கையில் வைத்துச் சுருட்டினாள்.

இத்தனையும் நடந்தாலும், நான் போவேனா என்பது மட்டும் முடிவாகவில்லை. அதற்குக் காரணம் மாமன் மகன் தங்கசாமி.

தங்கசாமிக்கு நான் முறைப்பெண். என்னை அவனுக்குக் கொடுப்பதாக யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவும் யாரும் நினைத்ததில்லை. அண்ணன் மகனும் தங்கை மகளும் இருக்கும்போது வேறு என்ன நடக்கும்? தங்கசாமி நல்லவன். மாடு கன்று அவன் சொன்னால் கேட்கும். ஆனால் சின்ன வயதில் என் ஜடையை வண்டிச் சட்டத்தில் கட்டிவிட்டுப் போனவனோடு குடித்தனம் செய்வதாக நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவனுக்கும் என்னைக் கண்டால் பயம் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம்.

மாமன் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் நிற்பார்கள். அவர்கள் இருக்கட்டும், என் அம்மாவே நிற்பாள். "எங்கண்ணன் வாயைத் தொறந்து போச் சொன்னாத்தான் புள்ள போவா" என்று அவள் அடுப்படியிலிருந்து ஒரே முறைதான் சொன்னாள். அப்பா மறுத்துப் பேசவில்லை. வீட்டில் எல்லா விஷயமும் அப்பா சொல்படி நடக்கும், அம்மா முடிவு செய்துவிட்ட விஷயங்களைத் தவிர.

அந்த வாரம் மாமன் சந்தைக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். கையில் ஒரு கூடை மொச்சை. அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னார். மாமன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றார் அப்பா.

"நம்மூர்ச் சின்னான் மறியல் பண்ணி ஜெயிலுக்குப் போனானுங்களே மாப்பிள்ளை, அவனுக்கும் இதையேதான் கொண்டாரச் சொன்னாங்க. தட்டு, செம்பு, போர்வை."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அம்மா இலை போட்டாள். வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். தங்கை வீட்டில் கை நனைக்காமல் அவர் போனது அன்றைக்குத்தான். வாசலில் என்னைப் பார்த்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் நின்றேன். ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான், எங்கள் வீட்டில் இழவு விழுந்தமாதிரி ஆகிவிட்டது. அம்மா பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். நான் அவற்றை எடுத்து மறுபடி பெட்டியில் வைத்தேன். அவள் எடுப்பாள், நான் வைப்பேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சேலைகளுக்கு வாய் இருந்தால் எங்கள் இருவரையும் திட்டியிருக்கும். அப்பா புதுச்சத்திரம் போகிற வண்டிக்காரர்களிடம் சொல்லி அனுப்பிப் பார்த்தார். கடைசியில் பதில் வந்தது. 'நானே வாரேன். நான் வாராம புள்ளையை வாசல் தாண்ட உட வேண்டாம்.' இதில் போகலாம் என்றும் இல்லை, போகக் கூடாது என்றும் இல்லை. அப்பா அதற்குப் பல அர்த்தம் சொல்லிப் பார்த்தார். எந்த அர்த்தமும் அவருக்கே பிடிக்கவில்லை.

ரயிலுக்கு முந்தின நாள் காலை, தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்தது. நானும் போய் எட்டிப் பார்த்தேன். முன்னால் மேளக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் தலையில் புதுத் துண்டைக் கட்டிக்கொண்டு என் மாமன். அவருக்குப் பின்னால் அவர் மனைவி வள்ளியாத்தாள் அத்தையும் ஊர்ப் பெண்களும் தாம்பாளங்களை ஏந்திக்கொண்டு வந்தார்கள். கடைசியில் பாரவண்டி. அதை ஓட்டிக்கொண்டு வந்தவன் தங்கசாமி, தலையைக் குனிந்துகொண்டு.

தெய்வநாயகி எங்கள் வாசலுக்கே ஓடிவந்து, கல்யாணத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டீர்களே என்று அம்மாவிடம் சண்டைக்கு நின்றாள். அம்மாவுக்கு அவளைச் சமாதானம் செய்யவும் முடியவில்லை, அண்ணனை வாங்க என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

வண்டியிலிருந்து சாமான்களை இறக்கினார்கள். பித்தளை அண்டா, குடங்கள், குத்துவிளக்கு, கயிற்றுக் கட்டில், அரிசி மூட்டை, கடலைக்காய் மூட்டை, பூசணிக்காய், இரண்டு ஆள் தூக்கிய ஒரு அம்மிக்கல். மதராஸில் அம்மிக்குப் பஞ்சமா என்று பிற்பாடு நான் கேட்டேன். அந்த ஊர்க் கல்லை யார் கண்டது என்றார். கன்றோடு ஒரு பசுவும் வருவதாக இருந்ததாம். விடுதியில் மாடு கட்ட இடமிருக்குமா என்று தெரிந்துகொண்டு அப்புறம் அனுப்பலாம் என்று அத்தைதான் தடுத்தாளாம்.

கூடத்தில் பாய் விரித்துத் தாம்பாளங்களை வரிசையாக வைத்தார்கள். மேலே மூடியிருந்த துணிகளை அத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள். தேங்காய், பழம், மஞ்சள், பூ. ஒன்றில் இளம்பிள்ளை ஊர்த் தறியில் எடுத்த அரக்கு நிறச் சேலை. அப்பா கூடத்துத் தூணோரம் நின்று மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசித் தாம்பாளத்தின் துணியை அத்தை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதில் ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் சர்க்கரை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பேசி முடித்தால் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சடங்குக்கே உப்புச்சக்கரை என்றுதான் பேர். அது நடந்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. மாறினால் இரண்டு வீட்டுக்கும் உறவு அறுந்துவிடும். சீர் என்ற பேரில் மேளத்தோடும் ஊர் ஜனத்தோடும் வந்து, மகனுக்கு என்னை முடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊமைபோல அவர் எழுந்து போனதற்கும், அவர் சொல்லி அனுப்பிய பதிலுக்கும் அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

அப்பா யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினார்.

"மச்சான், என்ற புள்ளையை நான் படிக்கத்தான் அனுப்பறேன். கட்டிக் குடுக்கலை. இந்தத் தாம்பாளத்தை நான் தொட மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

ஊர்ப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமன் தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தார். வாயைத் திறக்கவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாம்பாளம் திரும்பிப் போனால் அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. அது போகாமல் இங்கேயே இருந்தால் எனக்குப் படிப்பு இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். மாமனுக்கு நேரே போய் நின்றேன்.

"மாமா, நான் தங்கசாமியைக் கட்டிக்க மாட்டேன். நீங்க என்னை வெட்டிப் போட்டாலும் கட்டிக்க மாட்டேன்."

முதலில் சிரித்தது வள்ளியாத்தாள் அத்தை. அவள் லேசில் சிரிக்கிறவள் அல்ல. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டும் அவளால் அடக்க முடியவில்லை.

"உன்னை யாரு கண்ணு கட்டிக்கச் சொன்னது? அவனுக்குத்தான் புதன்கெழமையே உப்புச்சக்கரை மாத்தியாச்சே. ஓமலூர்ப் பக்கம் பொண்ணு. பொன்னாயின்னு பேரு."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். தங்கசாமி நுகத்தடியில் இல்லாத ஏதோ ஒரு அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். காதுவரை சிவந்திருந்தது. நான் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவனை வேண்டாம் என்று நான் சொன்னது வேறு. நான் சொல்வதற்கு முன்பே அவனுக்கு வேறு பெண் கிடைத்துவிட்டது வேறு. சற்று ரோஷமாகத்தான் இருந்தது.

அந்தத் தாம்பாளம் தங்கசாமியின் நிச்சயத்தில் மாற்றிய உப்பும் சர்க்கரையும். தங்கை வீட்டுக்குச் சேர வேண்டிய பங்கை எடுத்து வந்திருந்தார்கள். கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும், எங்கள் மூவருக்கும் மட்டும் தெரியாது. எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அம்மா சிரிக்கவில்லை. அண்ணனைக் கடித்துத் தின்றுவிடுவதுபோலப் பார்த்தாள். மருமகன் நிச்சயத்துக்கு அத்தைக்காரியைக் கூப்பிடாமல் விடுவது எங்கள் பக்கத்தில் எந்தக் குடும்பத்திலும் நடக்காத காரியம். நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்டாள்.

மாமன் பாயில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர், தங்கைக்கு மட்டும் கேட்கும்படி பேச முயன்றார். அது அவருக்கு வரவில்லை. தெருவுக்கே கேட்டது.

"உன்னைக் கூப்பிட்டிருந்தா நீ அழுதிருப்பே சாலா. நீ அழுதா என்ற முடிவு மாறிப் போயிருக்கும். தங்கசாமி ஒண்டியா இருக்கற வரைக்கும், மாமன் ஊட்டுல பையனை வெச்சுக்கிட்டுப் புள்ளையை எங்க அனுப்பறேன்னு ஊரு கேக்கும். அந்தக் கேள்வி இல்லாமப் பண்ணிப்போட்டுத்தான் உன்ற வாசலுக்கு வரோணும்னு இருந்தேன். ஆராயி என்ற ஊட்டுக்கு வரோணும்னு எனக்கு ஆசை இல்லாம இல்லை. எத்தனையோ வருசமா இருந்துச்சு."

அம்மா அவர் எதிரே பாயில் உட்கார்ந்து அழுதாள். அவர் பயந்த அழுகைதான், ஆனால் நாள் தப்பி வந்தது. எனக்கு மாமனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வயது வந்த பெண் அப்படிச் செய்யக் கூடாது என்பதால், காலில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் பூசணிக்காயைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய் மேளக்காரர் காலில் முட்டி நின்றது.

அப்பாவின் நிலைமைதான் பரிதாபம். மச்சான் முன்னால் வந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல காரியத்துக்கு வாயை இனிப்பாக்க வேண்டும் என்று அள்ளிப் போட்டுக்கொண்டார். பதற்றத்தில் அவர் அள்ளியது உப்பு. சபையில் துப்பவும் முடியாது. கண்ணில் நீர் வழிய, ரொம்ப சந்தோஷம் என்று தலையை ஆட்டினார். மாப்பிள்ளை இவ்வளவு நெகிழ்ந்துபோனதைப் பார்த்து மாமனுக்கும் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

அதன் பிறகுதான் மூட்டை கட்டுகிற சண்டை. கடிதத்தை அப்பா மறுபடி எடுத்தார். உப்பைத் தின்ற பிறகும் அவருக்குச் சட்டம் சட்டம்தான். பெட்டி ஒன்று, அதற்கு மேல் கூடாது. அண்டாவையும் கட்டிலையும் விட்டுக்கொடுக்க மாமனுக்கு மனமே இல்லை. பெண்ணை அனுப்பும்போது கட்டில் இல்லாமல் அனுப்பினால் போகிற இடத்தில் என்ன மரியாதை என்றார். அங்கே கட்டில் கொடுப்பார்கள் என்றார் அப்பா. யாரோ படுத்த கட்டிலா என்று கேட்டார் மாமன். அம்மிக்கல்லுக்காக ரொம்ப நேரம் வாதாடினார். கடைசியில் அது என் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கினார்கள். அந்தக் கல் இன்றும் என் வீட்டில் இருக்கிறது. அதில் அரைத்த சட்னிக்குத் தனி ருசி என்று அவர் சொன்னது பொய்.

பெட்டி ஒன்று என்பதை ஒப்புக்கொண்ட பிறகு மாமன் வேறு வழி கண்டுபிடித்தார்.

"பொட்டி ஒண்ணுன்னுதானுங்க மாப்பிள்ளை போட்டிருக்குது. கனம் எவ்வளவுன்னு போடலையே."

அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டிருக்கவில்லை. அதற்கப்புறம் மாமன் பெட்டியருகில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. காட்டில் மூட்டை பிடிக்கிறவர் அல்லவா, ஒரு விரல் இடம் வீணாக்க மாட்டார். அடியில் கடலைக்காயைப் பரப்பி, அதன்மேல் வெள்ளைச் சேலைகளை அடுக்கினார். செம்புக்குள் புளி உருண்டை. டம்ளருக்குள் மிளகாய்ப்பொடி முடிச்சு. புத்தகங்களின் நடுவே கருப்பட்டி. அரக்குச் சேலையைக் கண்ணில் ஒற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மூடி கால்வாசிதான் இறங்கியது. தங்கசாமியைக் கூப்பிட்டு அதன்மேல் உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்ததும் பூட்டிவிட்டார். தங்கசாமி எனக்காகச் செய்த பெரிய உதவி அதுதான். உள்ளே கடலைக்காய் நொறுங்குகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. என் முதல் வருஷச் சேலைகள் முழுவதும் அந்த வாசனை. விடுதிப் பெண்கள் அதைக் குறை சொல்லிக்கொண்டே கடலைக்காயை நாலே நாளில் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் சூரமங்கலம் ஜங்ஷனுக்கு மாமனின் வண்டியிலேயே போனோம். வழியெல்லாம் அத்தை எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தாள். மழை வருகிற நாளில் தலைக்குக் குளிக்காதே, யாரிடமும் சீப்பு இரவல் வாங்காதே, கோபத்தைக் குறை. மாமன் பேசாமல் மாடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பேசாததைப் பார்த்து அப்பாவுக்கு மறுபடி கவலை வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் பெட்டியைத் தூக்கிய போர்ட்டர் அதைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே இரும்பா என்று கேட்டான். இரண்டாவது ஆள் வந்து பிடித்துத்தான் ஏற்றினார்கள்.

அப்பா என்னோடு மதராஸ் வருவதாக இருந்தது. அவர் ஏறி இடம் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற பெண்ணுக்குத் தாய்மாமன் கடைசியாக ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். அம்மா அதை ஞாபகப்படுத்தினாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள் அண்ணா என்றாள். மாமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கட்டிக் குடுக்கற புள்ளைக்கு என்ன சொல்லுவம் சாமி, போன எடத்துல எது நடந்தாலும் பொறுத்துக்கிட்டு இருன்னுதான் சொல்லுவம். உன்ற அம்மாளுக்கும் அதைத்தான் சொல்லி அனுப்புனேன். உனக்கு அதைச் சொல்ல மாட்டேன். அங்க புடிக்கலீன்னா ஒரு கார்டு போடு. நான் வந்து கூட்டியாந்தர்றேன். ஏன் வந்தேன்னு ஒருத்தரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. நான் கேக்க உட மாட்டேன்."

சரிங்க மாமா என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, தெரியவில்லை. பக்கத்தில் அப்பா எதையோ தேடுவதுபோல மேல்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு வயதில் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என் அம்மா. மாமியார், நாத்தனார்கள், பசி, பட்டினி எல்லாவற்றையும் பார்த்தவள். ஒருநாள் கூடப் பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனதில்லை என்று அவளைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள்.

அம்மா மாமனின் முழங்கையைத் தொட்டாள்.

"இந்த வார்த்தையை எனக்கும் ஒருக்காச் சொல்லியிருக்கலாமில்லீங்க அண்ணா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மாமன் சிரிக்கவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் மற்றவர்கள் எல்லோரும் கையை ஆட்டினார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஆட்டவில்லை. கையை விடாமல் அப்படியே நின்றார்கள்.